எந்த வவ்வால்?

2018 மே மாதம். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பரை அருகே ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இறப்புகள். நோய் நிபா என்று ஆய்வகம் உறுதிசெய்ததும் எல்லோருடைய பார்வையும் அந்தக் குடும்பத்தின் புழங்காத கிணறு ஒன்றின் மேல் போனது. உள்ளே வவ்வால்கள் அடைந்திருந்தன. நிபாவைச் சுமப்பது வவ்வால் என்பது உலகம் அறிந்த செய்தி. வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த வவ்வால்களின் மாதிரிகளை எடுத்துப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் வைரஸ் இல்லை என்று பதில் வந்தது.

உடனே பேச்சு மறுபக்கம் சாய்ந்தது. ‘வவ்வாலால் வந்ததில்லையாம்’ என்று ஊரெங்கும் சொன்னார்கள். உண்மையில் அந்தச் சோதனை காட்டியது அதுவல்ல. கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் சிறிய வவ்வால்கள். கேரளத்தில் நரிச்சீர் என்று தனியே சொல்லும் வகை. நிபாவின் இருப்பிடம் பெரிய பழந்தின்னி வவ்வால். ஆலமரத்திலும் அரசமரத்திலும் பகல் முழுக்கக் கூட்டமாகத் தொங்கி, சிறகை விரித்தால் நாலடிக்குக் குறையாத அகலம் காட்டும் இனம். பிறகு புனே தேசிய வைராலஜி நிறுவனத்தார் அந்தப் பகுதியின் பழந்தின்னிகளைப் பிடித்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் வைரஸின் தடயம் கிடைத்தது. நோயாளிகளிடம் கிடைத்த வைரஸும் வவ்வாலிடம் கிடைத்ததும் மிக நெருங்கிய உறவு என்பதை மரபணு வரிசை காட்டியது.

வவ்வாலைப் பற்றி யார் எது கேட்டாலும் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்த வவ்வால்? உலகில் 1,400க்கும் மேற்பட்ட வவ்வால் இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் நூற்று முப்பதுக்கு மேல். இவற்றில் பழமும் தேனும் உண்பவை சில. பூச்சி தின்பவை மிகப் பல. தவளை, பல்லி, சுண்டெலியைப் பிடித்துத் தின்னும் இனமும் நம்மிடம் உண்டு. ரத்தம் குடிப்பவை உலகத்திலேயே மூன்று இனங்கள்தான்; மூன்றும் லத்தீன் அமெரிக்காவில் வாழ்கின்றன. நம் ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

நிபா பேச்சில் தமிழ்நாட்டின் எல்லையோரக் கேரள மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மாவட்டங்கள் அல்ல. நடுவில் ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. பரம்பிக்குளம், வால்பாறை, மூணாறு என்று காடும் தேயிலையும் மாறி மாறி வரும் மலை நாடு. இரண்டு மாவட்டங்களுக்கும் தமிழ்நாட்டோடு எல்லை உண்டு. இரண்டிலும் தமிழ் பேசுவோர் நிறையப் பேர். வாளையாறிலும் போடிமெட்டிலும் குமுளியிலும் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடக்கிறார்கள். கேரளத்தில் நிபா என்று செய்தி வந்துவிட்டால் போதும், வாளையாறில் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையினர் பேருந்துகளை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கத் தொடங்குவார்கள்.

அந்தச் செய்தி இந்த மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது. 2019இல் எர்ணாகுளத்தில் நிபா கண்டு பிழைத்த இளைஞர் இடுக்கி மாவட்டம் தொடுபுழையில் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதனால் ஆய்வாளர்கள் தொடுபுழைப் பக்கமும் வவ்வால்களைத் தேடிப் போனார்கள். சோதித்த 36 பழந்தின்னிகளில் 12இன் ரத்தத்தில் நிபாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்ததாக அந்த ஜூன் மாதத்தில் ஒன்றிய அரசு தெரிவித்தது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு பக்கம் தச்சநாட்டுக்கரையில் ஒரு பெண்ணுக்கு நிபா உறுதியானது. இடையில் 2021இலும் 2023இலும் கோழிக்கோட்டில், 2024இல் மலப்புறத்தில். எல்லாம் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்.

எல்லையில் காய்ச்சல் பார்ப்பது வீண் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நோயை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது மனிதர்தான், அதனால் மனிதரைப் பார்ப்பது சரி. ஆனால் வவ்வாலுக்கு வாளையாறு தெரியாது. ஒரே இரவில் இருபது முப்பது கிலோமீட்டர் போய் மேய்ந்து திரும்பும் உயிரினம் அது. ‘கேரளத்து வவ்வால்’ என்று தனியாக எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வாழும் வவ்வால்களிடமும் நிபாவின் அடையாளம் தென்பட்டிருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. வைரஸ் இந்தப் பக்கமும் நெடுநாளாக இருந்துவருகிறது என்றுதான் இதற்குப் பொருள். நாம் அதன் பக்கத்திலேயே வாழ்ந்தும் மிக அரிதாகவே அது நம்மிடம் தாவுகிறது.

எப்படித் தாவுகிறது? இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தது மலேசியாவின் சுங்கை நிபா என்ற சிற்றூர். 1998, 1999இல் அங்கே பன்றிப் பண்ணைகளின் மேல் கிளை விரித்திருந்த பழமரங்களுக்கு வவ்வால்கள் வந்தன. கடித்துப் போட்ட மிச்சத்தைப் பன்றிகள் தின்றன. பன்றியிடமிருந்து பண்ணை ஆட்களுக்கு வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அரசு கொன்று புதைத்தது. வங்கதேசத்தில் வழி வேறு. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி இரவெல்லாம் பானையில் சாறு இறக்குவார்கள். விடிந்ததும் பச்சையாகக் குடிப்பார்கள். இரவில் கேமரா வைத்துப் பார்த்தபோது, சீவிய இடத்தில் சாறு வழியும் பட்டையை வவ்வால்கள் நக்குவது தெரிந்தது. தீர்வும் அந்த ஊர்க்காரர்களிடமே இருந்தது. மூங்கில் பட்டையில் முடைந்த தட்டியைச் சீவிய இடத்தில் கட்டிவிட்டால் வவ்வால் நெருங்க முடியவில்லை.

கேரளத்தில் இவ்வளவு தெளிவான வழி எதுவும் பிடிபடவில்லை. 2024 ஜூலையில் மலப்புறம் மாவட்டத்தில் இறந்த சிறுவன் அக்கம்பக்கத்தில் அம்பழங்கா என்னும் புளிப்புக் காயைப் பறித்துத் தின்றதாக முதல்கட்டத் தகவல் என்று சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் சொன்னார். நிரூபணம் என்று அதைக் கொள்ள முடியாது. என்றாலும் எச்சில் பட்ட பழம்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது. சந்தேகிக்கக் காரணமும் உண்டு. சிலவகைப் பழச்சாறுகளில் இந்த வைரஸ் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். எனவே பல் பட்ட பழத்தையும், கீழே விழுந்து தோல் கிழிந்த பழத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று எடுத்துத் தின்று வளர்ந்த தலைமுறைக்கு இது கசப்பான அறிவுரைதான். ஆனாலும் வேறு வழியில்லை. நல்ல பழத்தைக் கழுவி, தோல் சீவித் தின்றால் போதும். பழமே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

வவ்வாலிடமிருந்து மனிதருக்கு வரும் வாசல் குறுகியது. அதைத் தாண்டி வந்தபின்தான் கதவு அகலமாகிறது. 2018இல் நோய் கண்டவர்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்ட 23 பேரில் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் வவ்வாலிடமிருந்து நோய் பெற்றவர் முதல் நோயாளி ஒருவராகத்தான் இருக்க முடியும். மற்றவர்கள் அவரையோ அவரிடமிருந்து நோய் பெற்றவரையோ தொட்டுப் பார்த்துக்கொண்டவர்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள், மருத்துவமனை நடைவழியில் காத்திருந்தவர்கள். பேராம்பரை தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி புதுச்சேரி அந்த முதல் நோயாளியைக் கவனித்தவர். மே 21 அன்று அவரும் இறந்தார். நிபாவுக்கு எதிராக முதலில் வேண்டியது காய்ச்சல் வார்டில் முகக்கவசம், கையுறை, கட்டில்களுக்கு இடையே இடைவெளி. இந்த மூன்றும் இருந்த பின்னாளைய நிகழ்வுகளில் ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவும் சங்கிலி சீக்கிரமே அறுந்தது.

இவ்வளவு கொடிய வைரஸ் வவ்வாலை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? வவ்வால் பறக்கும் ஒரே பாலூட்டி. பறப்பதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். அந்த உழைப்பில் செல்கள் சேதமாகிச் சிதறல்கள் உண்டாகும். அந்தச் சிதறலைக் கண்டதற்கெல்லாம் உடம்பு அழற்சியைக் கிளப்பினால் ஒவ்வோர் இரவும் வவ்வால் நோயில் விழ வேண்டியதுதான். அதனால் அழற்சியைத் தணித்துவைக்கும் விதமாக அதன் உடம்பு பரிணமித்திருக்கிறது என்பது இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அழற்சியைத் தூண்டும் ஒரு முக்கியமான புரதம் வவ்வால்களில் மந்தமாக வேலை செய்வதைக் காட்டியது. நிபாவில் நம்மைக் கொல்வதில் வைரஸோடு, அதை எதிர்த்து நம் உடம்பே மூட்டும் தீக்கும் பங்கு உண்டு. வவ்வால் அந்தத் தீயை மூட்டுவதில்லை. வைரஸும் அதுவும் சேர்ந்தே வாழ்ந்துவிடுகின்றன.

இனி வீட்டுக்கு வருவோம். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் தேனியிலும் மக்கள் வவ்வாலைப் பார்ப்பது செய்தித்தாளில் அல்ல, வீட்டு முகப்பில்தான். வெள்ளையடித்த சுவரில் காலையில் மஞ்சளும் கருஞ்சிவப்புமாகக் கறை. தரையில் மென்று துப்பிய சக்கை, நாட்டு வாதாங்கொட்டை, பாதி தின்ற கொய்யா. இது பெரிய பழந்தின்னியின் வேலையல்ல. உள்ளங்கையில் அடங்கும் குறுமூக்குப் பழந்தின்னியின் வேலை. மரத்திலேயே உட்கார்ந்து தின்றால் ஆந்தை பிடிக்கும் என்று அது பழத்தைக் கவ்விக்கொண்டு ஒதுக்குப்புறத்துக்கு வருகிறது. கார் நிறுத்தும் இடத்தின் கூரையும் மாடிப்படியின் அடிப்புறமும் அதற்கு வசதியான சாப்பாட்டுக் கூடம். வாயில் பழத்தை நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டு நாரை உருண்டையாகத் துப்பும். வவ்வால் வாயால் கழிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைப் பார்த்துத்தான். அவர்கள் கண்டது சரி, முடிவுதான் தவறு. கழிக்க வேண்டியபோது பழந்தின்னி சட்டென்று நிமிர்ந்து, சிறகின் கட்டைவிரல் நகத்தால் தொங்கிக்கொண்டு, உடம்பில் படாமல் கழித்துவிட்டு மறுபடி தலைகீழாகும். முகப்பில் இரவு முழுக்க ஒரு விளக்கை எரியவிட்டால் பெரும்பாலும் வேறு இடம் தேடிப் போய்விடும். கறையைத் துடைக்கும்போது கையுறை போட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடைப்பது நல்லது. பழைய கட்டடத்தில் காய்ந்து குவிந்த எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கினால் அதிலுள்ள பூஞ்சை நுரையீரலுக்குள் போகலாம். முகக்கவசம் கட்டாயம்.

‘தலைமுடியில் சிக்கிக்கொள்ளுமாமே?’ இல்லை. நம் தலைக்கு மேல் கொசு மொய்க்கிறது; கொசுவைப் பிடிக்கப் பூச்சித்தின்னி தாழப் பறந்து வருகிறது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அது 40, 50 கிலோஹெர்ட்ஸில் கத்தி, திரும்பிவரும் எதிரொலியில் கொசுவையும் நம் முடியையும் தனித்தனியாக அறிகிறது. ‘கண் தெரியாதாமே?’ எல்லா வவ்வாலுக்கும் கண் தெரியும். பெரிய பழந்தின்னிக்கு எதிரொலி உத்தியே கிடையாது. பார்வையும் மோப்பமும்தான் அதற்கு வழிகாட்டி. அந்தப் பெரிய கண்களைப் பார்த்தாலே புரியும்.

‘தூங்கும்போது விழுந்துவிடாதா?’ விழாது. உடம்பின் எடையே கால் விரல் தசைநார்களை இழுத்துப் பூட்டிவிடுகிறது. பிடித்துக்கொள்ள அதற்கு முயற்சி வேண்டாம், விடுவதற்குத்தான் வேண்டும். மின்கம்பியில் இரண்டு சிறகும் இரண்டு கம்பியில் பட்டுச் செத்த பழந்தின்னி நாள்கணக்கில் அங்கேயே தொங்குவது இதனால்தான்.

அறைக்குள் வந்துவிட்டால்? முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் வவ்வாலைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, ஜன்னலையும் வாசலையும் திறந்துவைத்து, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டால் தானாகப் போகும். துடைப்பத்தால் அடிக்க வேண்டாம். தரையில் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. அட்டைப்பெட்டியால் மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி எடுத்துப்போய் மரத்தில் உயரமான இடத்தில் விடலாம். பல இனங்களால் தரையிலிருந்து எழும்பிப் பறக்க முடியாது. கடித்துவிட்டாலோ கீறினாலோ, சிறிய கீறலானாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் ரேபிஸ் வருவது பெரும்பாலும் நாயால்தான். ஆனால் வவ்வால்கடி விஷயத்தில் அந்த நம்பிக்கையோடு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இன்னொரு கேள்வி உண்டு. நான் மிகவும் விரும்பும் கேள்வி. இருட்டிய குகைக்குள் இருக்கும் வவ்வாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? இதற்கு உலகம் மதுரையில்தான் விடை கற்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்துவும் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு குகையில் இலைமூக்கு வவ்வால்களை வைத்து ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் ஒரு வவ்வாலைத் தனியே கூண்டில் வைத்தால் அதன் உடம்புக் கடிகாரம் தன் போக்கில் ஓடி, வெளியுலகப் பொழுதிலிருந்து நாளுக்கு நாள் விலகியது. சுற்றிலும் அதே இனக் கூட்டம் மாலையில் வெளியே போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தால், கூண்டிலிருக்கும் வவ்வால் சூரியனைப் பார்க்காமலேயே சரியான நேரத்தில் விழித்தது. கூட்டத்தின் சலசலப்பிலிருந்தே அது பொழுதை அறிந்தது. 1981இல் வெளியான ஆய்வு இது. பிறகு வேறு குடும்பத்து வவ்வால் ஒன்றை அதே கூட்டத்தின் நடுவில் வைத்துப் பார்த்தார்கள். அதன் கடிகாரம் இணங்கவில்லை. தன் இனத்தாரின் நடமாட்டம்தான் அதற்குக் கடிகாரம். கூட்டத்தைக் கலைப்பது என்றால் என்ன என்பது இந்தச் சோதனையைப் படித்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

அந்தக் கூட்டங்கள் நமக்குச் செய்வது கொஞ்சமல்ல. இலுப்பைப் பூ இரவில் விரிவது வவ்வாலை எதிர்பார்த்துத்தான். அத்தியும் ஆலும் நாவலும் மலையேறிப் பரவுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பாலக்காட்டைப் போலவே நெல் விளையும் தாய்லாந்தில், பூச்சித்தின்னி வவ்வால்கள் நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சிகளைப் பெருமளவு தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வால்பாறையில் கிளேர் வேர்ட்லி, திவ்யா முத்தப்பா உள்ளிட்டோர் தேயிலை, காப்பி, துண்டுக் காடு, ஆற்றோரக் காடு எல்லாவற்றிலும் இரவிரவாக வலை கட்டியும் ஒலி பதிந்தும் பார்த்தார்கள். வெறும் தேயிலையில் வவ்வால் இனங்கள் மிகக் குறைவு. நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் காட்டுக்கு நெருக்கமான வகைமை இருந்தது. தேயிலைக்கு நடுவே ஓடும் ஆற்றின் கரையில் மரவரிசை மிஞ்சியிருந்தால்கூட நிறைய இனங்கள் தங்கின.

இந்த மலைகளில் நமக்குத் தெரியாமல் எவ்வளவு இருக்கிறது என்பதற்குச் சலீம் அலி பழந்தின்னி வவ்வால் ஒன்றே போதும். இடுக்கியை ஒட்டிய மேகமலையில், உள்ளூரார் ஹைவேவிஸ் என்று சொல்லும் தேயிலைத் தோட்டப் பகுதியில், ஆங்கஸ் ஹட்டன் 1948இல் ஒரு வவ்வாலைச் சேகரித்து மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 1970இல் தாய்லாந்தின் கிட்டி தொங்லோங்யா வந்து அதன் பற்களைப் பார்த்து, உலகத்துக்கே புதிய பேரினம் என்று கண்டுபிடித்தார். 1972இல் பெயர் சூட்டினார். உயிரோடு மறுபடி கண்டது 1993இல்.

2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்படும் வரை இந்த ஒன்றைத் தவிர மற்றப் பழந்தின்னிகள் எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லை விலங்குகள் பட்டியலில் கிடந்தன. அன்று யாரும் கொல்லலாம். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி வேட்டையாடி விற்பது இன்னமும் நிற்கவில்லை. அந்த மருத்துவத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அறுக்கும் கைக்கு ஆபத்து மட்டும் உண்டு. மாறாக, மயிலாடுதுறை அருகே பெரம்பூரில் ஆலமரத்து வவ்வால்கள் மிரளும் என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

நிபா செய்தி வந்ததும் மரத்தை வெட்டு, வெடி போட்டு விரட்டு என்ற குரல் எழுகிறது. பயத்தில் எழும் குரல், புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது நேர் எதிரான விளைவைத் தரும். ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவுக்கார வைரஸான ஹெண்ட்ரா, பழந்தின்னியிடமிருந்து குதிரைக்கும் குதிரையிடமிருந்து மனிதருக்கும் வருவது. பெக்கி ஈபி, ரெய்னா ப்ளௌரைட் குழுவினர் 1996 முதல் 2020 வரையிலான 25 ஆண்டுத் தரவுகளை அலசி 2022இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிந்து, உணவுப் பஞ்சமும் சேர்ந்த ஆண்டுகளில் வவ்வால்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் வந்தன. அப்போதெல்லாம் நோய் தாவியது. மிச்சமிருந்த காடு குளிர்காலத்தில் நன்றாகப் பூத்த ஆண்டுகளில் வவ்வால்கள் அங்கே திரும்பிப் போயின. அந்தக் குளிர்காலங்களில் நோய் தாவவில்லை. பசித்த, மிரண்ட வவ்வால் அதிகமாக வைரஸை வெளியேற்றும் என்பதும், விரட்டிய கூட்டம் பத்து இடங்களில் போய்த் தங்கும் என்பதும் கேரளச் சுகாதாரத் துறைக்குத் தெரியும். வவ்வால் அடையும் மரங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அது ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஊர் மரத்தில் கூட்டம் இருந்தால் மரத்தை விட்டுவிட்டு அதன் அடியைக் கவனியுங்கள். அந்த நிழலில் பன்றியையோ மாட்டையோ கட்ட வேண்டாம். தீவனத் தொட்டியும் அங்கே கூடாது. பக்கத்துக் கிணற்றுக்கு வலை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. கள், பதநீர் இறக்குவோர் பாளையையும் பானையையும் சேர்த்து மூடிக் கட்ட வேண்டும். உதிர்ந்த பழத்தைக் குழந்தைகள் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வவ்வால்கள் ஒரே சமயத்தில் செத்து விழுந்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். குட்டி சுமந்திருக்கும் கோடைத் தொடக்கத்தில் கிளை கழிக்கும் வேலை இருந்தால் மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் பெரிய பழந்தின்னிக்கு.